மரச் சாமி சிலையில் ஏன் வெடிப்பு விழுகிறது?

தமிழ்நாட்டிலிருந்து வாங்கி வந்த மரப் பிள்ளையார் சில மாதத்திலேயே நெடுக வெடித்துவிட்டார், ஏன் என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கிறார்கள். மரத்திலுள்ள ஈரம் வெளியேறும்போது அது சுருங்கிப் பிளப்பதுதான் வெடிப்பு. வாய்க்கால் சேறு காய்வதைப் பார்த்திருப்பீர்கள், மேல்பக்கம் முதலில் சுருங்கும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும், அந்த இழுபறியில் பிளந்துவிடும், மரமும் அதே மாதிரிதான். அதிலும் மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. குறுக்கே வெட்டினால் தெரியுமே வளையம், அதன் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைவிட ஏறக்குறைய 2 மடங்கு. அதனால் தமிழ்நாட்டில் மரச் சிற்பத்துக்குப் பேர்போன தம்மம்பட்டியின் வாகை மரச் சிலையோ, 2020இல் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு) பெற்ற அரும்பாவூர் மர வேலையோ, வாங்கும்போது பீடத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வளையங்களின் நடுப்புள்ளி அங்கே தெரிந்தால் அது முழு உருளைக் கட்டையில் செதுக்கியது, அந்த இரண்டு சுருக்கமும் ஒத்துப்போகாமல் வெடிக்க வாய்ப்பு அதிகம். நான் அதை வாங்கமாட்டேன்.

சாமி மேடை ஏர்கோன் காற்று நேராகப் படும் இடத்தில் வேண்டாம். விளக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அப்புறம், வெடித்தால் தெய்வக் குற்றம் என்று பயந்து நல்ல சிலையை ஆற்றில் விடுகிறார்கள். அது மரம் காய்ந்ததால் வந்தது, குற்றம் ஒன்றுமில்லை.