கிளட்ச் கல்லு மாதிரி இருக்கிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் படியுங்கள்

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது) உள்ள பழைய ஜீப், வேன், கார் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். கேபிள் கிளட்ச் வண்டிக்கு இவை பொருந்தாது.

கேள்வி: அண்ணா, என்னுடையது 2004 மாடல் டீசல் ஜீப். கொஞ்சம் கொஞ்சமாக கிளட்ச் ஹார்டாகி, இப்போது திண்டுக்கல் டிராஃபிக்கில் கால் நடுங்குகிறது. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பொறுங்கள் தம்பி. கியர்பாக்ஸ் இறக்குவது கடைசி வேலை. கோளாறு மேலே பெடல் பக்கமா, கீழே கியர்பாக்ஸ் பக்கமா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் பெடலையும், அது தள்ளும் மேல் சிலிண்டரான மாஸ்டர் சிலிண்டரின் ராடையும் இணைக்கும் பின்னைக் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பிடித்துப் பிடித்து ஆடினால் பெடல் புஷ் காய்ந்துவிட்டது. புஷ்ஷும் கிரீஸும் போட்டாலே வேலை முடிந்தது.

பெடல் சரியாக இருந்தால் பின்னை மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போட்டுக்கொள்ளுங்கள். கீழே கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளில் (ஏர் எடுக்கும் திருகில்) ஒரு ட்யூப் மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, நிப்பிளைத் திறந்து ஒருவரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். ஆயில் போக வழி இருப்பதால் பெடல் லேசாக இறங்க வேண்டும். இறங்கினால் மாஸ்டரும் லைனும் நல்லவை, கோளாறு ஸ்லேவிலோ அதைத் தாண்டியோ இருக்கிறது.

நிப்பிள் திறந்திருந்தும் பெடல் முரண்டு பிடித்தால் அடைப்பு மேலே. மாஸ்டரிலிருந்து கிளம்பும் பைப்பின் நட்டைத் தளர்த்தி மறுபடி மிதிக்கச் சொல்லுங்கள். அங்கே லேசானால் நடுவிலுள்ள பைப் அல்லது ஹோஸ், அங்கேயும் ஹார்டு என்றால் மாஸ்டர். கண்ணில் ஆயில் தெறிக்கும், கண்ணாடி போடுங்கள். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கீழே என்று தெரிந்தால் ஸ்லேவை ஹவுசிங்கிலிருந்து கழற்றி, நிப்பிளைத் திறந்து வைத்து, பிஸ்டனைக் கட்டை விரலால் உள்ளே தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்லேவ் கழற்றியிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். ஸ்லேவும் நன்றாக இருந்தால்தான் உங்கள் மெக்கானிக் சொன்ன வேலை. கிளட்ச் தட்டு தேயத் தேய, அதை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் விரல்கள் பின்னால் வரும், அவற்றை அமுக்க அதிக பலம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஹார்டானது என்கிறீர்கள், அதனால் இதற்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: மிதிக்கும்போது ஹார்டு, விட்டால் பெடல் சோம்பேறித்தனமாக மேலே வருகிறது. கியர் மாற்றியதும் வண்டி ஒரு நொடி ஸ்லிப் ஆகிறது.

முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். இப்படி வந்த ஒரு வேனின் ஹோஸைக் கழற்றிப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள் ரப்பர் ஊறிப் போய், துளை பென்சில் முள் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆயில் போகவும் சிரமம், திரும்பி வரவும் சிரமம். ஆயில் திரும்பும் வரை கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, அதுதான் அந்த ஸ்லிப். அப்படியே ஓட்டினால் நல்ல தட்டும் எரிந்துவிடும். பத்து வருடம் தாண்டிய ஹோஸை நான் சந்தேகமே இல்லாமல் மாற்றிவிடுவேன்.

ஹோஸ் மாற்றியும் போகவில்லை என்றால் மாஸ்டர் ராடில் கொஞ்சமாவது ஃப்ரீ பிளே (சும்மா ஆடும் இடைவெளி) இருக்கிறதா பாருங்கள். துளியும் இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும்.

கேள்வி: நாலு தடவை ஏர் எடுத்தும் கிளட்ச் ஹார்டாகவே இருக்கிறது.

ஏர் இருந்தால் பெடல் மெத்தென்று கீழே போகும், ஹார்டாகாது. ஐந்தாவது தடவை எடுத்தாலும் பயன் இல்லை. மேலே சொன்ன நிப்பிள் சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: ஐயா, மாஸ்டர் சிலிண்டர் லீக் ஆனதால் புதிது போட்டோம். அன்றிலிருந்து பெடல் ரொம்ப ஹார்டு, ஆனால் கொஞ்சம் மிதித்தாலே கிளட்ச் விட்டுவிடுகிறது.

கோளாறை நீங்களே சொல்லிவிட்டீர்கள். போர் சைஸ், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், மாறிவிட்டது. பழைய சிலிண்டரின் உடம்பில் அச்சு எண் இருக்கும், புதியதோடு ஒப்பிடுங்கள். 5/8 இன்ச் இருந்த இடத்தில் 3/4 இன்ச் போட்டால், 15.87 மி.மீ. பிஸ்டன் 19.05 மி.மீ. ஆகிறது. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் பரப்பளவு சுமார் 44 சதவீதம் கூடுகிறது. அதே அழுத்தத்துக்குக் காலும் அவ்வளவு கூடுதலாக அமுக்க வேண்டும். வெளியே போல்ட் துளை பொருந்துகிறது என்பதற்காகக் கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள், பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: நேற்று வரை நன்றாக இருந்தது, டேஷ்போர்டு வயரிங் பார்த்துவிட்டு வந்த பிறகு ஹார்டு.

பெடலுக்கு மேலே, பாதி தூரம் தாண்டியதும் காலுக்கு உதவி செய்யும் ஸ்பிரிங் ஒன்று பல வண்டிகளில் உண்டு. வயரிங் வேலையில் அது கழன்றிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: வழியில் டப்பா காலியாகி, கையில் இருந்த பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிட்டேன். இரண்டு நாளில் பெடல் இறுகிவிட்டது, மேலே வரவும் இல்லை.

இனி ஓட்டாதீர்கள். சிலிண்டர்களுக்குள் இருக்கும் வாஷர்கள் பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர். மினரல் ஆயில் பட்டால் உப்பி சிலிண்டரை அடைத்துக்கொள்ளும். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. லைனை முழுதாகக் கழுவி, மாஸ்டர், ஸ்லேவ் இரண்டுக்கும் ரப்பர் கிட், ஹோஸ், டப்பா மூடியின் ரப்பர் எல்லாம் புதிது போட வேண்டும். பிரேக்குக்கும் அதே டப்பாதான் என்றால் பிரேக் ரப்பர்களும் கெட்டிருக்கும். வண்டியை டோ செய்து கொண்டுபோங்கள்.

கேள்வி: அண்ணா, பெண்கள் ஓட்ட லேசாக இருக்கட்டும் என்று பெடல் கம்பியை நீட்டி வெல்டிங் வைக்கலாம் என்கிறார்கள். முட்டி வலிக்கிறது, செய்யட்டுமா?

வேண்டாம்மா. பெடல் நீண்டால் லேசாகும், ஆனால் அதே தூரம் மிதித்தாலும் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்வது குறையும். கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். வெல்டிங் விட்டுப்போனால் நடுரோட்டில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் வண்டியில் ஸ்லேவ் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க் உட்காரும் பந்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், அந்த ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங் குழலில் பிடித்துக்கொண்டு நகரலாம். முதலில் நிப்பிள் சோதனையைப் பாருங்கள், என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அதற்கப்புறம் எதைக் கழற்றுவது என்று பார்க்கலாம்.