மாத்திரையை விடும் நாட்களில்

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவர், முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் ஓராண்டாக டிரமடால் என்ற வலிநிவாரணி மாத்திரை சாப்பிடுகிறார். தானாகவே நிறுத்திப் பார்த்தபோது, உடல் நடுங்கி இரவெல்லாம் தவித்தார். வீட்டில் நான் எப்படித் துணையிருப்பது?
– வாசகி, ஏற்காடு

பதில்: அன்புச் சகோதரி, அந்தத் தவிப்பு அவருடைய மனத்திடக் குறைவு அல்ல, மாத்திரைக்குப் பழகிய உடல் அதைத் தேடுவதால் வருவது. டிரமடாலைத் திடீரென நிறுத்தக் கூடாது. சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு நீங்களும் சென்று, அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை எழுதி வாங்குங்கள். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

குறைக்கும் நாட்களில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல் ஆகியவற்றோடு எரிச்சலான பேச்சும் வரலாம். உப்பிட்ட கஞ்சியையும் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் சிறிது சிறிதாகக் கொடுத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் கால்களுக்கு ஒத்தடம் கொடுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: சில வாரங்கள் விட்டபின் பழைய அளவை ஒரே முறையில் விழுங்கினால், தாங்கும் திறன் குறைந்துவிட்ட உடலில் மூச்சே அடங்கிப்போகலாம். நீங்கள் தளரும் இரவுகளில் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமனஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.