வாசகர் கேள்வி – பதில்: ஜிமேட், ஜிஆர்இ தேர்வுகளில் நேரம் போதாமல் போவது ஏன்?

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளைப் பற்றி இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் நேரத்தைக் கையாள்வது குறித்த மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். அடுத்த ஆண்டு எம்பிஏ படிப்பில் சேர்வதற்காக ஜிமேட் தேர்வுக்குப் படித்து வருகிறேன். வீட்டில் நேரம் பார்க்காமல் செய்யும்போது கணிதக் கேள்விகள் பெரும்பாலும் சரியாகவே வருகின்றன. மாதிரித் தேர்வில் மட்டும் கடைசி ஐந்தாறு கேள்விகளுக்கு நேரமே இருப்பதில்லை. ஏதோ ஒரு விடையை அழுத்திவிட்டு முடிக்கிறேன். இன்னும் வேகமாகக் கணக்குப் போடப் பழக வேண்டுமா?
— வாசகி, செங்காங்

பதில்: நேரம் பார்க்காதபோது விடை சரியாக வருகிறதென்றால், பாடம் உங்களுக்குத் தெரிகிறது. ஆகவே, எந்தக் கேள்வியை எப்போது விட்டு நகர்வது என்று முடிவெடுக்கும் பழக்கமே இப்போது உங்களுக்குத் தேவை. வேகம் அதற்குப் பிறகுதான்.

ஜிமேட் தேர்வில் இப்போது மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். குவான்ட் (கணிதம்) பகுதியில் 21 கேள்விகள், வெர்பல் (மொழித்திறன்) பகுதியில் 23, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை ஆராய்தல்) பகுதியில் 20. குவான்டில் கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கிறது. நேரம் போதாமல் தவிப்பவர்களின் மாதிரித் தேர்வை ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்துப் பார்த்தால், எல்லாக் கேள்விகளிலும் ஒரே சீராக மெதுவாக இருப்பவர்கள் மிகச் சிலரே என்பது தெரியவரும். பெரும்பாலோருக்கு நான்கு கேள்விகள் நேரத்தைத் தின்றிருக்கும். நான்கு கேள்விகளில் தலா நாலரை நிமிடம் செலவிட்டால் 18 நிமிடம் போய்விடுகிறது. மிச்சமுள்ள 17 கேள்விகளுக்கு 27 நிமிடம்தான், அதாவது கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். அப்படி நீண்ட நேரம் போராடிய கேள்விகளில் பாதிக்கு மேல் கடைசியில் தவறாகவே முடிந்திருப்பதையும் நீங்கள் பார்க்கக்கூடும்.

உங்கள் தொழிலும் இதில் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்காய்வில் ஒரு தொகை ஒத்துவரவில்லையென்றால், ஒத்துவரும்வரை அதை விடக்கூடாது. அந்தப் பிடிவாதமே உங்களை நல்ல கணக்காய்வாளராக வைத்திருக்கிறது. ஆனால் ஜிமேட் தேர்வில் எல்லாக் கேள்விகளையும் சரியாகச் செய்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கிடையாது. நீங்கள் சரியாக விடையளிக்க அளிக்க அடுத்து வரும் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும் வகையில் அது அமைந்திருப்பதால், உயர்ந்த மதிப்பெண் பெறுபவர்களும் சில கேள்விகளைத் தவறவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். இதை மனம் ஏற்றுக்கொள்ளாதவரை எந்த உத்தியும் உங்களுக்குக் கைகொடுக்காது.

அடுத்த மாதிரித் தேர்வுக்குப் பின் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விவரங்களை எழுதுங்கள்: எவ்வளவு நேரம் ஆனது, விடை சரியா தவறா, எத்தனையாவது நொடியில் வழி புலப்பட்டது. மூன்றாவதைத்தான் பலரும் எழுதுவதில்லை; எனக்கோ அதுதான் மிக முக்கியமானதாகப் படுகிறது. ஏனெனில், முதல் நிமிடம் முடியும்போதும் எப்படித் தொடங்குவது என்றே தெரியாத கேள்விகளில், அதற்கு மேல் உட்கார்ந்து நீங்கள் எத்தனையை வென்றீர்கள் என்பதை அந்தக் குறிப்பேடு மறுக்க முடியாதபடி காட்டிவிடும். உங்கள் சொந்தக் கணக்கை நீங்களே பார்த்த பிறகு கேள்வியை விடுவது எளிதாகும்.

இந்தத் தேர்வில் ஒரு கேள்விக்கு விடையளிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. பகுதியை முடிக்காமல் விட்டாலோ மதிப்பெண் குறையும். ஆகவே, கேள்வியை விடுவதற்கும் ஒரு முறை உண்டு. பொருந்தவே பொருந்தாத விடைத் தெரிவுகளை நீக்கி, எஞ்சியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புக்மார்க் செய்துவிட்டு நகருங்கள். பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து பார்க்கலாம். ஆனால் ஒரு பகுதியில் அதிகபட்சம் 3 விடைகளைத்தான் மாற்ற முடியும். பத்துக் கேள்விகளை புக்மார்க் செய்து வைத்துக்கொண்டு, பிறகு பார்க்கலாம் என்று நம்பியிருப்பதால் பயனில்லை. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தால் நிச்சயம் முடித்துவிடுவேன் என்று தோன்றும் கேள்விகளை மட்டும் குறித்து வையுங்கள்.

கடிகாரத்தை ஒவ்வொரு கேள்விக்கும் பார்ப்பது பதற்றத்தைக் கூட்டுமே தவிர வேறு பயன் தராது. குவான்டில் இரண்டு இடங்களில் பார்த்தால் போதும்: 7 கேள்விகள் முடிந்தபோது 30 நிமிடமும், 14 முடிந்தபோது 15 நிமிடமும் மீதமிருக்க வேண்டும். டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 10 கேள்விகள் முடியும்போது ஏறத்தாழ 22 நிமிடம் இருந்தால் சரி. வெர்பலில் நீண்ட பத்திகள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் 8, 16 கேள்விகள் முடியும்போது அதே 30, 15 நிமிடக் கணக்கிலிருந்து ஓரிரு நிமிடம் முன்பின் இருந்தாலும் கவலைப்படாதீர்கள்.

அந்த இடத்தில் 3 நிமிடம் பின்தங்கியிருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது? பெரும்பாலோர் அடுத்து வரும் எல்லாக் கேள்விகளையும் அவசர அவசரமாகச் செய்யத் தொடங்குகிறார்கள். அதனால் தெரிந்த கேள்விகளும் தவறாகின்றன. இழந்த நேரத்தை அப்படி எல்லாக் கேள்விகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்காமல், அடுத்து வரும் கடினமான ஒன்றிரண்டு கேள்விகளை மட்டும் அரை நிமிடத்தில் விட்டுவிட்டு, மற்றவற்றை வழக்கமான நிதானத்தோடு செய்யுங்கள். எளிய கேள்வியை அவசரத்தில் தவறவிடுவது கடினமான ஒன்றை அறிந்தே விடுவதைவிட உங்கள் மதிப்பெண்ணைக் கூடுதலாகப் பாதிக்கும்.

பயிற்சியையும் இதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிய பாடத்தைக் கற்கும்போது கடிகாரம் வேண்டாம். கற்று முடித்தபின் 7 கேள்விகளை 15 நிமிடத்தில் செய்து பழகுங்கள். இது குவான்ட் பகுதியின் மூன்றில் ஒரு பங்கு என்பதால் அலுவலகம் விட்டு வந்து களைத்திருக்கும் மாலையிலும் செய்ய முடியும். குவான்டில் கால்குலேட்டர் கிடையாது, டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டுமே உண்டு. ஆகையால் பின்னங்களுக்கும் விழுக்காடுகளுக்கும் உள்ள தொடர்பை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. தேர்வு நிலையத்தில் காகிதம் தரமாட்டார்கள். அழிக்கக்கூடிய மையில் எழுதும் பேனாவும் நெகிழித் தாளாலான குறிப்பேடும்தான். வீட்டிலும் அத்தகைய தாளில் எழுதிப் பழகினால் தேர்வன்று கை தடுமாறாது. அதிகாரபூர்வ இணையத்தளம் இலவசமாகத் தரும் இரண்டு முழுத் தேர்வுகளில் ஒன்றைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள். மற்றொன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரத்துக்கு முன்புவரை தொடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: நான் மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் 12 மணி நேர ஷிப்டில் வேலை செய்யும் பொறியாளர். பகல் வேலையும் இரவு வேலையும் மாறி மாறி வரும். வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள். இடையில் போர்க்காலப் படைவீரர் பயிற்சிக்கும் அழைப்பு வந்துள்ளது. தினமும் இரண்டு மணி நேரம் படியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால் ஒரு வாரம்கூட அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே ஜிமேட் எழுதினால் அலைச்சலாவது குறையுமா?
— வாசகர், ஈசூன்

பதில்: தினமும் இரண்டு மணி நேரம் என்பது, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வேலை பார்ப்பவருக்காகச் சொல்லப்பட்டது. உங்கள் வாழ்க்கை அப்படி அமையாதபோது அந்த அளவுகோலால் உங்களை அளந்து மனம் சோர வேண்டாம். நாள் கணக்கை விட்டுவிட்டு, ஒரு ஷிப்டுச் சுற்றுக்கு இத்தனை மணி நேரம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். விடுப்பு நாள்களில் ஒன்றைப் பெரிய பயிற்சிக்கென ஒதுக்கி, உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் போன்ற இடத்தில் மூன்று மணி நேரம் உட்காருங்கள். வேலை நாள்களில் ரயிலில் போகும்போது, முன்பு தவறவிட்ட கேள்விகளைத் திரும்பப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு முடிந்து வரும் காலையில் கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். தூக்கமில்லாத மூளை எடுக்கும் மதிப்பெண் உங்கள் திறமையைப் பற்றி உண்மை சொல்லாது, நம்பிக்கையை மட்டும் குலைக்கும். விடுப்பு நாளில் எந்த நேரத்தில் உங்கள் மனம் தெளிவாக இருக்கிறதோ, தேர்வையும் அதே நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள்.

படைவீரர் பயிற்சி நாள்களைப் படிப்புக் கணக்கிலிருந்து முற்றிலும் நீக்கிவிடுங்கள். அங்கே கொஞ்சம் படிக்கலாம் என்று எண்ணி ஏமாறுவதைவிட, அதற்கு முன்பே ஒரு பாடத்தை முழுமையாக முடித்துவிட்டு, திரும்பி வந்ததும் அதையே மீள்பார்வை செய்து மெல்லத் தொடங்குவது நல்லது. தேர்வு நாளைப் பயிற்சி முடிந்து ஒரு மாதத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப இறுதி நாளையும் பார்த்து வையுங்கள். முதல் முறை சரியாக அமையாவிட்டால் 16 நாள் இடைவெளிக்குப் பிறகே மீண்டும் எழுத முடியும். மதிப்பெண் 5 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், படிப்பில் சேர்வது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனாலும் இப்போதைய உழைப்பு வீணாகாது.

வீட்டிலிருந்து எழுதுவது உங்களுக்கு உகந்ததாகத் தெரியவில்லை. மூடிய அறையில் நீங்கள் மட்டுமே இருக்க வேண்டும், தேர்வு முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. இரண்டு வயதுக் குழந்தை அப்பாவைத் தேடிக் கதவைத் தட்டாமல் இருக்காது. மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவர வழியிருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் தேர்வு நிலையத்துக்குப் போய் வாருங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பொறியியல் படிக்கிறேன். முனைவர் படிப்புக்காக ஜிஆர்இ எழுதப் போகிறேன். வெர்பல் பகுதியில் வாசிப்புப் பத்திகளிலேயே நேரம் கரைந்து, எளிதாக முடிக்கக்கூடிய சொல் நிரப்பும் கேள்விகளுக்கு நேரமில்லாமல் போகிறது. வரிசையை மாற்றிச் செய்யலாமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஜிமேட் போலன்றி, ஜிஆர்இ தேர்வில் ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகவும், கேள்வியைக் குறித்துவைத்துத் திரும்பவும், விடையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றவும் அனுமதி உண்டு. வெர்பலின் முதல் பிரிவில் 18 நிமிடத்துக்கு 12 கேள்விகள், இரண்டாவதில் 23 நிமிடத்துக்கு 15 கேள்விகள். வாக்கியத்தில் சொல் நிரப்பும் கேள்விகளைக் கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற அளவில் முதலில் முடித்துவிட்டால், பத்திகளை வாசிக்க இரண்டு நிமிடம் வரை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று இடைவெளிகள் உள்ள கேள்வியில் எல்லா இடமும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் கிடைக்கும். ஒரு சொல்லின் பொருள் தெரியவே தெரியாத நிலையில் அங்கே நேரத்தைக் கொட்ட வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை, ஆகவே எதையும் வெற்றாக விடாதீர்கள். முதல் பிரிவில் நீங்கள் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமைவதால், அதில் அவசரப்படாமல் இருப்பது முக்கியம்.

மாதிரித் தேர்வு எழுதும் மாணவர்கள் பலர் கட்டுரையை விட்டுவிட்டு நேராக வெர்பலுக்குப் போகிறார்கள். உண்மைத் தேர்விலோ 30 நிமிடக் கட்டுரைதான் முதலில் வரும். மொத்தம் 1 மணி 58 நிமிடத்துக்கு இடைவேளையும் கிடையாது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் இரண்டு முறையாவது கட்டுரையையும் சேர்த்து, இடையில் எழுந்திருக்காமல் முழுத் தேர்வாக எழுதிப் பாருங்கள்.