நண்டுக்குத் தொட்டுக்கொள்ள என்ன?

கேள்வி: மசாலா போடாமல் ஆவியில் வேகவைத்த நண்டு என்றால் பிள்ளைகளுக்கு உயிர். தொட்டுக்கொள்ள என்ன வைக்கலாம்? தக்காளி சாஸ் சரிவருமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தக்காளி சாஸ் வேண்டாம்மா, அதன் இனிப்பு நண்டின் இனிப்பை அமுக்கிவிடும். நண்டுக்குப் புளிப்பும் காரமும்தான் ஜோடி. தாய்லாந்தில் கடல் உணவுக்கென்றே 'நாம் ஜிம்' என்று ஒரு தொட்டுக்கொள்ளும் சாஸ் வைப்பார்கள்: பச்சை மிளகாய் 4, பூண்டு 5 பல், ஒரு பிடி கொத்தமல்லித் தண்டு, வேர் கிடைத்தால் இன்னும் நல்லது, எல்லாவற்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, எலுமிச்சைச் சாறு 3 ஸ்பூன், மீன் சாஸ் 2 ஸ்பூன், சர்க்கரை 1 ஸ்பூன் கலந்தால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். மிக்ஸியில் நைசாக அரைத்துவிடாதீர்கள், கடிபட வேண்டும். மீன் சாஸ் இல்லையா, உப்பு போடுங்கள், மணம்தான் குறையும்.

ஷாங்காய் பக்கம் கறுப்பு வினிகரில் பொடியாக நறுக்கிய இஞ்சி போடுகிறார்கள். நாம் சூடு என்கிற நண்டை அவர்கள் குளிர்ச்சி என்பதால் இஞ்சி!

காரம் ஆகாத குட்டிகளுக்கு வெண்ணெய். 50 கிராமைச் சிறு தீயில் உருக்கி, நசுக்கிய பூண்டு போட்டு, அது சிவக்கும் முன் இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். ஆறினால் உறைந்துவிடும், அதனால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்தே பரிமாறுங்கள்.