அந்த இருபது நிமிடம்

வணக்கம் சார்,

நாங்கள் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறோம். ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு ராத்திரி, ஒன்பதாவது மாடி வீட்டில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் பேட்டரி வெடித்துத் தீப்பிடித்தது. எங்கள் வீடுவரை தீ வரவில்லை, புகைதான் வந்தது. செக்யூரிட்டி ஏதாவது சொல்லட்டும், அதுவரை உள்ளேயே இருக்கலாம் என்றார் கணவர். இருபது நிமிடம் கழித்து இறங்கினோம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மாமியார் மட்டும் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இப்போதும் பையன் (ஒன்பது வயது) லிஃப்டில் ஏற மாட்டேன் என்கிறான். மாமியார் தன் அறையில் படுப்பதில்லை, ஹால் சோபாவில்தான். வாசலில் கிடக்க வேண்டிய செருப்பு சோபாவுக்குக் கீழே இருக்கிறது. எனக்குத் தூக்கமே இல்லை. அவர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இருக்கிறார். பேச்செடுத்தால் 'அதான் தப்பிச்சாச்சே' என்று எழுந்து போய்விடுகிறார். ஆனால் வீட்டை விற்க இரண்டு புரோக்கர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். எனக்கு விற்க மனமில்லை. சொந்தக்காரர்கள் திருஷ்டி கழிந்தது என்கிறார்கள். லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்தைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். அந்தக் குடும்பங்கள் எல்லாம் எப்படி மீண்டு வந்தார்கள்?

எஸ்., சென்னை

*

அன்புள்ள எஸ்,

மீண்டு வந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அங்கே தீப்பிடித்த 14ஆம் தேதியை இன்னும் மாதா மாதம் மறக்காத குடும்பங்கள் இருக்கின்றன. 72 பேர் செத்துப்போன இடத்தை உங்கள் வீட்டோடு ஒப்பிடக் கூடாது என்று ஒருத்தர் சொல்லலாம், உங்கள் சொந்தக்காரர்களும் அதைத்தான் வேறு மாதிரி சொல்கிறார்கள். நான் ஒப்பிடவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்ததும் எனக்கு கிரென்ஃபெல்தான் ஞாபகம் வந்தது.

'செக்யூரிட்டி ஏதாவது சொல்லட்டும், அதுவரை உள்ளேயே இருக்கலாம் என்றார் கணவர்.' இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்கள். உங்கள் கணவர் இன்னும் இறங்கவில்லை என்று நினைக்கிறேன்.

2017 ஜூன் 14, அதிகாலை 12:54. மேற்கு லண்டனில் 24 மாடிக் கட்டடம், நான்காவது மாடியில் ஒரு சமையலறை ஃப்ரிட்ஜில் தீ. முதல் போன் அப்போதுதான் போகிறது. பிரிட்டனில் அடுக்குமாடிகளுக்கு ஒரு விதி உண்டு: தீ உங்கள் வீட்டில் இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். முட்டாள்தனமான விதி இல்லை அது. கான்கிரீட் கட்டடத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனிப் பெட்டி மாதிரி, தீ ஒரு பெட்டிக்குள்ளேயே எரிந்து அடங்கிவிடும், எல்லோரும் ஒரே நேரத்தில் படியில் இறங்கினால்தான் புகையில் மாட்டிக்கொள்வார்கள் என்ற கணக்கு. பல தீ விபத்துகளில் அந்தக் கணக்கு சரியாகவும் வந்திருக்கிறது. ஆனால் கிரென்ஃபெல்லில் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சுவருக்கு வெளியே அழகுக்காகவும் குளிருக்காகவும் அலுமினியத் தகடு பதித்திருந்தார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே இருந்தது பாலிஎத்திலீன், எளிதில் தீப்பிடிக்கும் பிளாஸ்டிக். அரை மணி நேரத்தில் தீ வெளிச்சுவர் வழியாகவே உச்சிக்குப் போய்விட்டது. ஆனாலும் போன் செய்தவர்களிடம் தீயணைப்புத் துறையினர் 'உள்ளேயே இருங்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த உத்தரவை மாற்றும்போது மணி 2:47.

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இதே வேலையாக இருப்பவர்கள், சீருடை போட்டவர்கள், பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே முடிவெடுக்க அவ்வளவு நேரமானது. முன்பே மாற்றியிருந்தால் சாவு குறைந்திருக்கும் என்று 2019 அக்டோபரில் வந்த விசாரணை ஆணைய அறிக்கை சொன்னது. சரி, அது அவர்கள் பொறுப்பு. தூக்கத்தில் இருந்து எழுந்து, கரண்ட் போன ஹாலில் லுங்கியோடு நின்று, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் பையன் என்று இருந்த மனிதர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு? இன்னொன்று, அந்த இருபது நிமிடமும் படிக்கட்டில் எவ்வளவு புகை இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒன்பதாவது மாடியைத் தாண்டித்தானே இறங்க வேண்டும். முன்னாலேயே இறங்கியிருந்தால் மாமியாருக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியோடு முடியாமல் இன்னும் மோசமாகவும் ஆகியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்: 'என்னால்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.' இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிற ஆள் ஏன் இரண்டு புரோக்கர்களிடம் சொல்லிவைக்கிறார்?

லண்டனில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் போன சமயத்தில் மாதா மாதம் 14ஆம் தேதி சாயங்காலம் அந்தப் பகுதி மக்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். கோஷம் கிடையாது, பேச்சு கிடையாது. பச்சைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சும்மா நடப்பார்கள். நான் போன அன்று சாலையோரம் தீயணைப்பு வீரர்கள் சிலர் வரிசையாக நின்றிருந்தார்கள். 'உள்ளேயே இருங்கள்' என்று சொன்ன அதே துறை. எனக்கு முன்னால் போன ஒரு வயதான அம்மா வரிசையை விட்டு விலகிப் போய் அதில் ஒருத்தரைக் கட்டிக்கொண்டார். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்த அம்மா திரும்பி வந்து எங்களோடு நடந்தார்.

பொது விசாரணையையும் அங்கே வேறு மாதிரிதான் ஆரம்பித்தார்கள். தகடு, பிளாஸ்டிக், கம்பெனி, கான்ட்ராக்ட் எல்லாம் பின்னால். 2018 மே மாதம் முதல் வேலையாக, இறந்தவர்களின் வீட்டாரை வரச்சொல்லி அவரவர் ஆட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாள் கணக்கில் அது மட்டுமே நடந்தது. முதலில் பேசியவர், அந்தப் புகையால் வயிற்றிலேயே இறந்துபோன குழந்தையின் அப்பா. யார் தப்பு என்ற கேள்வி வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு இடம் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. உங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. திருஷ்டி கழிந்தது என்று சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் அந்த வார்த்தை கதவைச் சாத்திவிடுகிறது, அதற்குப் பிறகு 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று யார் சொல்ல முடியும்?

அதனால் கணவரிடம் 'ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். அவர் மறுபடியும் எழுந்துதான் போவார். 'கதவைத் திறந்து பார்த்தீர்களே, வராண்டாவில் என்ன இருந்தது' என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்துக்கூட வேண்டாம், காரில் போகும்போது, பாத்திரம் துலக்கும்போது கேட்டால் போதும். நீங்கள் பார்த்ததை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

வீட்டை விற்பதா என்றால், இந்த வருஷம் வேண்டாம் என்பேன். கிரென்ஃபெல் கட்டடத்தை இடிப்பதா விடுவதா என்பதிலேயே அந்தக் குடும்பங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது, தாங்க முடியவில்லை என்றவர்கள் உண்டு, அது எங்கள் பிள்ளைகளின் சமாதி, தொடாதீர்கள் என்றவர்களும் உண்டு. பிரித்தெடுத்து இறக்கப் போவதாக அரசு 2025 பிப்ரவரியில்தான் அறிவித்தது, அப்போதும் வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒரே கட்டடத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தருக்கு ஓடத் தோன்றும், ஒருத்தருக்கு இருக்கத் தோன்றும். நீங்களும் அவரும் அப்படித்தான்.

விற்பதற்குப் பதிலாக இப்போதைக்கு ஒரு காரியம் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் பையனையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் நடந்து இறங்குங்கள். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று பாருங்கள். காற்றுக்காக யாராவது செங்கல் முட்டுக் கொடுத்திருப்பார்கள், எடுத்துப் போடுங்கள். கிரென்ஃபெல்லில் புகை வராண்டாவில் பரவியதற்குப் பல வீட்டுக் கதவுகள் தானாக மூடாததும் ஒரு காரணம். எந்த மாடியில் என்ன கோளாறு என்று பையன் நோட்டில் எழுதட்டும், அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் கணவர் அதைப் படிக்கட்டும். பயந்துபோன ஒன்பது வயதுப் பையனுக்கும் குற்ற உணர்வில் இருக்கிற அப்பாவுக்கும் கையில் ஒரு வேலை கிடைக்கும். லிஃப்டில் ஏறுவது மெதுவாக வரும். தினமும் பன்னிரண்டு மாடி ஏறினால் அவனுக்கே அலுத்துப்போகும்.

கிரென்ஃபெல்லில் தப்பிய ஒரு பதினாறு வயதுப் பெண், போட்டிருந்த உடையோடு அன்று காலையே போய் வேதியியல் பரீட்சை எழுதியது. உண்மைதான். உங்கள் வீட்டுக்கு வருகிற மாமா, சித்தப்பா யாராவது இதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி 'பாருடா, எவ்வளவு தைரியம்' என்று பையனிடம் காட்டினால் போனைப் பிடுங்கிவிடுங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு மட்டும் டாக்டர்தான். ஏழு மாதம் அதிகம். ஒரு மாதத்துக்கு மேல் போனாலே பார்க்கச் சொல்வார்கள், இதற்கென்றே பேசித் தீர்க்கும் சிகிச்சைகள் இருக்கின்றன, பையனுக்கும் உண்டு. லண்டனில் மருத்துவத் துறை ஆட்களே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். நம் ஊரில் நாம்தான் கூப்பிட வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், நீங்கள் எப்படியும் முழித்துத்தானே இருக்கிறீர்கள்.

மாமியாரை அவர் அறைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். செருப்பு சோபாவுக்குக் கீழேயே இருக்கட்டும், பெருக்கும்போது எடுத்தால் அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.

அன்புடன்.