இறுகிப்போன நட்டை ஸ்டட் முறியாமல் கழற்றுவது எப்படி?

கேள்வி: அப்பாவின் 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் ஒன்பது வருடமாக ஓடாமல் நிற்கிறது. மேனிஃபோல்ட் (என்ஜினோடு பூட்டிய காற்று, புகைக் குழாய்த்தொகுதி) கேஸ்கட் மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு நட்டுகூட அசையவில்லை. 13 எம்எம் ஸ்பானரில் பைப்பை மாட்டி இழுத்ததில் ஒரு நட்டின் மூலைகள் வழிந்து உருண்டையாகிவிட்டது. இன்னொன்று ஸ்டட்டோடு (நட்டு ஏறும் மரைத்தண்டு) முறிந்து கையில் வந்துவிட்டது. பின் சக்கர பிரேக் நிப்பிளும் (பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றை வெளியேற்றும் திருகு) திரும்பவில்லை. மூன்று நாளாக டபிள்யூடி-40 அடிக்கிறேன். இனி என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 13 ஸ்பானரைக் கீழே வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த 1489 சிசி என்ஜின். அதன் நட்டு போல்ட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. மேனிஃபோல்ட் ஸ்டட் 5/16 இஞ்ச், அதன் நட்டுக்கு வேண்டியது 1/2 இஞ்ச் ஸ்பானர். அரை இஞ்ச் என்றால் 12.7 எம்எம். 13 ஸ்பானர் 0.3 எம்எம் தளர்வாக உட்காரும். புது நட்டாக இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். கடல்காற்றில் துருவேறி மூலை தேய்ந்த நட்டு தாங்காது. நடுவில் யாராவது எம்எம் நட்டு மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வெர்னியரில் அளந்து பாருங்கள். சாக்கெட் வாங்கினால் உள்ளே ஆறு மூலை உள்ளதை வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டின் முனையை மட்டும் பிடிக்கும். ஆறு மூலை சாக்கெட் பட்டையை, அதாவது நட்டின் தட்டையான பக்கத்தைப் பிடிக்கும். இறுகிப்போன நட்டுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

அடுத்தது, வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எது உடைந்தால் பரவாயில்லை, எது உடையவே கூடாது? நட்டு போனால் சில ரூபாய். ஸ்டட் போனால் அரை நாள். ஹெட்டில் (ஸ்டட் பதிந்திருக்கும் என்ஜினின் மேல்பாகம்) மரை போனால் லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். ஆகவே சந்தேகம் வரும்போதெல்லாம் நட்டைப் பலி கொடுத்து ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள், ஸ்டட்டைப் பலி கொடுத்தாவது ஹெட்டைக் காப்பாற்றுங்கள். நான் இந்த வேலையைப் பழகிய பட்டறையில் பைப் மாட்டி இழுப்பதைத்தான் வீரமாக நினைத்தோம். அப்படி முறித்த ஸ்டட்டுகளை எடுக்க நான் செலவழித்த ஞாயிற்றுக்கிழமைகள் அதிகம்.

இப்போது எண்ணெய். இரும்பு துருவாக மாறும்போது பருத்துவிடும்; மரைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி அப்படித்தான் அடைபடுகிறது. அதற்குள் எண்ணெய் இறங்க நேரம் வேண்டும். டபிள்யூடி-40 1953ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டி துருவைத் தடுக்கத்தான் உருவானது. பெயரிலேயே அது இருக்கிறது: டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், ஈரத்தை விரட்டுவது. லேசான துருவுக்கு உதவும். உங்கள் கேஸுக்கு துரு இளக்கும் எண்ணெய் என்றே தனியாக விற்பதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெய்) அசிட்டோனும் சம அளவு கலந்து, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, குலுக்காவிட்டால் வெறும் அசிட்டோன்தான் இறங்கும். பெயின்ட், ரப்பர் மேல் படக் கூடாது. பக்கத்தில் நெருப்பே ஆகாது. காலையும் மாலையும் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

வெறுமனே ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் போதாது. சுத்தியலும் வேண்டும். அரைக் கிலோ சுத்தியலால், ஸ்டட்டின் நுனியில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, பத்துப் பதினைந்து முறை சுருக் சுருக்கென்று தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, விரிசல் விடும். அதிர்வுதான் துருவை நொறுக்குகிறது. தட்டத் தட்ட மரையோரம் செம்பழுப்பாக ஒரு குழம்பு கசிந்து வரும். அதைப் பார்த்தால் எண்ணெய் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் திருப்புவது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. ஆமாம், இறுக்கும் பக்கம்தான். துருவின் பிடி எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி வெளியே. இந்த இடத்தில் கையும் காதும் விழிப்பாக இருக்க வேண்டும். நட்டு நல்லபடியாக விடும்போது "கிரீச்" என்று ஒரு சத்தம் வரும், கையில் சட்டென்று ஒரு சொடுக்கு தெரியும். சத்தமே இல்லாமல், வெண்ணெயில் திருப்புவது போல மெத்தென்று வருகிறதா? உடனே நிறுத்துங்கள். நட்டு கழலவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் அரைச் சுற்றில் முறிந்துவிடும். முறிந்த ஸ்டட்டில் உங்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கும் அசையாவிட்டால் சூடு. நட்டை மட்டும் சூடாக்குங்கள், ஸ்டட்டை அல்ல. எட்டு எம்எம் துளையுள்ள எஃகு நட்டு 300 டிகிரி சூடேறினால் அந்தத் துளை சுமார் 0.03 எம்எம் விரியும். கேட்க அற்பமாகத் தெரியும். துரு உடைய அது போதும். சின்ன கேஸ் டார்ச்சே போதும். சூடாக இருக்கும்போது மெழுகுவர்த்தியை நட்டின் ஓரத்தில் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் இழுத்துக்கொள்ளும், ஆறிய பிறகும் வழுக்கும். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது. கார்புரேட்டரும் அதே பக்கம்தான் இருக்கிறது. அதையும் பெட்ரோல் பைப்பையும் கழற்றி ஒதுக்கி, சிந்தியதைத் துடைத்து, அசிட்டோன் முழுக்கக் காய்ந்த பிறகே நெருப்பு. தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் டார்ச் காட்டாதீர்கள். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

மூலை வழிந்த நட்டுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். கூர்மையான உளியை நட்டின் ஒரு பட்டையில் வைத்து ஸ்டட்டுக்கு இணையாகப் பிளந்துவிடுங்கள். இடம் இருந்தால் நட்டுப் பிளப்பான் இன்னும் சுத்தம்.

முறிந்த ஸ்டட் வெளியே சில எம்எம்மாவது நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். அதன் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து, துளைக்குள் வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். புதுத் தலையும் கிடைக்கும், வெல்டிங் சூட்டிலேயே துருவும் விடும். செந்தணல் மங்கியதும் இளஞ்சூட்டில் முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயர்களைக் கழற்றிவிடுங்கள். ஹெட்டோடு சமமாக முறிந்திருந்தால் சரியான நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன டிரில்லில் தொடங்கி படிப்படியாகத் துளைக்க வேண்டும். இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் துளைக்கும்போதே ஸ்டட் வெளியே வந்துவிடுவதும் உண்டு. ஈசி அவுட் (துளைக்குள் இறக்கி முறிந்த ஸ்டட்டைத் திருப்பி எடுக்கும் கருவி) போடும்போது அவசரம் கூடாது. அது கடினமானது, ஆனால் பொடிந்துவிடும். உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவே முடியாது. இந்த வேலை பழக்கமில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொடுங்கள்.

பிரேக் நிப்பிளில் மேலே சொன்ன பலம் எதையும் காட்டாதீர்கள். அது நடுவில் ஓட்டையான மெல்லிய குழாய், முறுக்கினால் நசுங்கி முறிந்துவிடும். ஓட்டைக்குள் கச்சிதமாக நுழையும் டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு, ஆறு மூலை சாக்கெட் மாட்டி, சாக்கெட்டின் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டே திருப்புங்கள். நிப்பிள் மாட்டியிருக்கும் வீல் சிலிண்டருக்குள் ரப்பரும் பிரேக் ஆயிலும் இருப்பதால் டார்ச் காட்டக் கூடாது. ஒன்பது வருடம் நின்ற வண்டி என்பதால் வீல் சிலிண்டரை மாற்றிவிடுவதே என் யோசனை. நிப்பிளோடு போராடி மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை, பிரேக் விஷயத்தில் சந்தேகத்தோடு வண்டியை ரோட்டில் எடுக்கவும் கூடாது.

திரும்பப் பூட்டும்போது மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு கேட்டு வாங்குங்கள். எஃகு ஸ்டட்டோடு அது துருவால் ஒட்டாது. மரையில் மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும், செம்புத்தூள் கலந்த ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து இரு ஓரமாகச் சமமாக இறுக்குங்கள். பசை இருக்கும் மரை சுலபமாக ஓடும் என்பதால் பழைய பலத்தைப் போட்டால் அதிகம் இறுகிவிடும், சற்றுக் குறைத்தே இறுக்குங்கள். என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை மறுபடி பார்த்துவிடுங்கள்.