மசோதாவுக்குக் கருத்து எழுதுவது எப்படி? டர்பன் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் காலநிலை, மின்சாரம் பற்றிய சட்டங்கள் உருவாகும்போது நம்மைப் போன்றவர்கள் எப்படித் தலையிடுவது என்று கேட்டு வந்த கேள்விகள் இவை. நாடாளுமன்றம், மாகாண சட்டமன்றம், நகராட்சி, மின்கட்டணத்தை முறைப்படுத்தும் நெர்சா ஆகிய நான்கு இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

சாட்ஸ்வர்த் வாசகி: அக்கா, "மசோதாவுக்குக் கருத்து சொல்லுங்கள்" என்று செய்தியில் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மசோதாவின் எண்ணிலிருந்து. காலநிலை மாற்ற மசோதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அது பி9-2022 என்ற எண்ணோடு வந்தது. எண்ணுக்குப் பின்னால் 'ஏ' இருந்தால் அது மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் குழு செய்த திருத்தங்களின் பட்டியல் மட்டும். 'பி' இருந்தால் திருத்தங்கள் சேர்ந்த முழு வடிவம். நாடாளுமன்றத்தின் இரண்டாவது அவையான மாகாணங்களின் தேசிய அவை மேலும் திருத்தினால் சி, டி என்று போகும். பழைய வடிவத்தைப் படித்துவிட்டு மூன்று பக்கம் எழுதி அனுப்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் ஆட்சேபித்த வரி அதற்குள் நீக்கப்பட்டிருக்கும். எழுதும் நாளன்று வடிவத்தை மறுபடி பாருங்கள்.

அடுத்தது, மசோதா அரசியல் சாசனத்தின் எந்தப் பிரிவின்படி போகிறது என்பது. 76 என்றால் மாகாணங்களைப் பாதிப்பது. தேசிய சட்டசபைக்குப் பிறகு மாகாணங்களின் தேசிய அவைக்குப் போகும். அங்கே 9 மாகாணங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு, 5 மாகாணங்கள் ஆதரிக்க வேண்டும். காலநிலை மசோதா இந்த வகைதான். அதாவது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் நம் மாகாண சட்டமன்றமும் கருத்துக் கேட்கும், உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு. 75 என்றால், எப்படி வாக்களிப்பது என்று மாகாணங்கள் முடிவு செய்து சொல்லும் 'மாகாண ஆணை' என்ற கட்டமே கிடையாது. 77 என்றால் பண மசோதா, அதை நிதியமைச்சர் மட்டுமே கொண்டுவர முடியும்.

இனி எழுதுவது. நீங்கள் அனுப்பும் கருத்தைக் குழுவின் பணியாளர்கள் ஓர் அட்டவணையில் ஏற்றுவார்கள். முதல் கட்டத்தில் பிரிவு எண், அடுத்ததில் யார் சொன்னது, அடுத்ததில் என்ன மாற்றம் கேட்கிறார், கடைசியில் அமைச்சகத்தின் பதில். உறுப்பினர்கள் பெரும்பாலும் இந்த அட்டவணையை வைத்துக்கொண்டுதான் பிரிவு பிரிவாகப் பேசுகிறார்கள். "பூமியைக் காப்பாற்றுங்கள்" என்ற கடிதத்துக்கு அதில் வரி கிடையாது, 'பொது' என்ற தலைப்பின் கீழ் போய்விடும். "பிரிவு இன்னது, உட்பிரிவு இன்னது. 'தயாரிக்கலாம்' என்பதை 'தயாரிக்க வேண்டும்' என்று மாற்றுக. காரணம்: லாம் என்று விட்டால் பணம் இல்லாத நகராட்சி செய்யாது" என்று எழுதினால் அது தனி வரி. அமைச்சக அதிகாரி அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். மறுப்பாக இருந்தாலும் எழுத்தில் இருக்கும்.

ஒரு மாற்றத்துக்கு அரைப் பக்கம் போதும். மொத்தம் நான்கு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், எந்த ஊர், மசோதா எண்ணும் வடிவமும், வாய்மொழியாகப் பேச விரும்புகிறீர்களா என்பது முதல் பக்கத்திலேயே வரட்டும். பேச வேண்டும் என்று எழுதாதவர்களை யாரும் தேடி அழைக்கமாட்டார்கள். கிடைத்ததற்கு ஒப்புகை கேட்டு, வந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

டொங்காட் வாசகர்: காலநிலைச் சட்டம்தான் வந்துவிட்டதே, இனி என்ன வேலை?

2024 ஜூலையில் அதிபர் ரமபோசா கையெழுத்திட்டார். அது 2024ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டம். ஆனால் நடைமுறைக்கு வந்தது 2025 மார்ச் 17, அன்றும் எல்லாப் பிரிவுகளும் வரவில்லை. கையெழுத்து வேறு, நடைமுறை வேறு. எந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது என்பதை கெஜட்டில், அதாவது அரசிதழில், வரும் பிரகடனத்தில் பார்த்த பிறகே அதை மேற்கோள் காட்டுங்கள்.

வேலை நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய ஆலைகளுக்கு இவ்வளவுதான் கரியமில வாயு வெளியிடலாம் என்று கார்பன் பட்ஜெட் ஒதுக்க அந்தச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் பட்ஜெட்டைத் தாண்டுவதை அது குற்றமாக்கவில்லை. குறைப்புத் திட்டம் தயாரித்துக் கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம். தாண்டினால் கூடுதல் கார்பன் வரி என்பதுதான் எண்ணம். அந்த வரி இருப்பது 2019இன் கார்பன் வரிச் சட்டத்தில். அது பண மசோதாக்களின் பாதை, நிதிக்குழுவின் மேசை. ஆகவே "மீறுகிறவர்களுக்குக் கடுமையான விலை வேண்டும்" என்று சுற்றுச்சூழல் குழுவுக்கு எழுதினால் வீண். ஒரு டன்னுக்கு 2019இல் 120 ரேண்டாக இருந்த வரி 2025இல் 236 ஆனது. ஆனால் வரி கட்டத் தேவையில்லாத அடிப்படை விலக்கே 60 சதவீதம் என்பதால் ஆலை உண்மையில் கட்டுவது அதைவிட மிகக் குறைவு. வாதாட வேண்டிய இடம் அந்த விலக்கு. வரி விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஃபீனிக்ஸ் இளைஞர்: வாட்ஸ்அப்பில் ஒரே கடிதத்தை ஆயிரம் பேருக்கு அனுப்பி, எல்லாரும் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினால் போதாதா?

அட்டவணையில் அது ஒரே வரி. பக்கத்தில் "ஒரே மாதிரிக் கடிதம், இத்தனை" என்று எண்ணிக்கை.

அதே இளைஞர்: எண்ணிக்கைதானே அக்கா அரசியல்வாதிக்குப் புரியும்? நீங்கள் சொல்வது படித்தவர்களுக்கு. என் அம்மா பிரிவு எண் எழுதுவாரா?

கேள்வி நியாயமானது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 2018இல் நில உரிமைக்காக அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவைத் திருத்தலாமா என்று கேட்டபோது எழுத்துமூலக் கருத்துகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அவற்றைப் பிரிப்பதே பெரிய வேலையாகி, கடைசியில் விவாதம் "எத்தனை பேர் ஆம், எத்தனை பேர் இல்லை" என்பதில் நின்றது. கருத்துக் கேட்பு என்பது வாக்கெடுப்பு இல்லை. ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் குழு நிறைவேற்றலாம். கேட்ட கருத்தைப் பரிசீலிக்காமல் நிறைவேற்றினால்தான் நீதிமன்றத்தில் மாட்டும்.

அந்த இடத்தில் வலிமை உண்டு. 2006இல் 'டாக்டர்ஸ் ஃபார் லைஃப்' வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம், மக்களுக்குச் சரியான வாய்ப்புத் தரவில்லை என்பதற்காகவே சுகாதாரச் சட்டங்களைச் செல்லாது என்றது. 2016இல் நில மீட்புத் திருத்தச் சட்டமும் அப்படியே போனது. மாகாணங்களின் தேசிய அவை அவசர அவசரமாக முடித்தது என்பதுதான் குறை. நாளை அப்படி ஒரு வழக்கு வந்தால், "இந்தத் தேதியில் இந்தப் பிரிவைப் பற்றி எழுதினேன், குழுவின் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை" என்று காட்டக்கூடிய கடிதம்தான் சாட்சி.

வெருலம் வாசகி: இளைஞர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வார்டு கவுன்சிலர் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்.

ஒப்புக்கொள்கிறேன். நகராட்சியில் எண்ணிக்கைக்கு எடை அதிகம். கவுன்சிலருக்கு அந்தத் தெருக்களின் வாக்கு வேண்டும். அங்கே வீட்டு முகவரியோடு கூடிய 200 கையெழுத்து நன்றாக வேலை செய்யும். முகவரி இல்லாத கையெழுத்து செய்யாது.

ஃபீனிக்ஸ் இளைஞர்: அப்படியானால் நாடாளுமன்றத்துக்கும் இரண்டையும் சேர்க்கலாமே?

சேர்க்கலாம். பிரிவு எண்ணும் மாற்று வாசகமும் ஒருவர் எழுதட்டும். மற்றவர்கள் அதே கடிதத்தின் கீழ் இரண்டே வரி தங்கள் சொந்தச் சொல்லில் சேர்க்கட்டும். "எங்கள் வீடு 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இடிந்தது, மழைநீர் வடிகால் இன்னும் சரிசெய்யப்படவில்லை, ஆகவே நகராட்சித் திட்டத்துக்குக் கால வரம்பு வேண்டும்" என்று உங்கள் அம்மாவால் சொல்ல முடியும். அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அப்போது அது நகல் கடிதமாக எண்ணப்படாது, தனிச் சாட்சியம். என் முதல் பதில் இதைச் சொல்லாமல் விட்டது தவறு.

மெரபாங்க் வாசகர்: எங்கள் பக்கத்து ஆலைக்குப் புதிய அனுமதி தரப்போகிறார்களாம். அதற்கும் நாடாளுமன்றத்துக்கு எழுதலாமா?

வேண்டாம், பாதையே வேறு. சுற்றுச்சூழல் அனுமதி என்றால் முதல் காரியம், 'அக்கறையுள்ள, பாதிக்கப்படும் தரப்பு' என்று எழுத்துமூலம் பதிவு செய்துகொள்வது. பதிவு செய்தவர்களுக்குத்தான் அறிக்கையும் முடிவும் வரும். வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல 30 நாள். அனுமதி கொடுத்துவிட்டால், முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 20 நாளுக்குள் மேல்முறையீடு. 21ஆம் நாள் போனால் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டும். நேரத்தில் போட்ட மேல்முறையீடு பொதுவாக அனுமதியை நிறுத்திவைக்கும். அந்த 20 நாளின் அருமை அதுதான்.

புகை அளவுகளின் பதிவு வேண்டுமென்றால் தகவல் பெறும் சட்டத்தின் படிவம் 2. பதில் தர 30 நாள். பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே பொருள், நகராட்சியிடம் உள்மேல்முறையீடு போடலாம். "எல்லாப் பதிவுகளும்" என்று கேட்காதீர்கள். நிலையத்தின் பெயர், வாயுவின் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று கேளுங்கள்.

லெனேசியா வாசகர்: தமிழிலேயே கருத்து எழுதி அனுப்பலாமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில் தமிழ் பெயர் சொல்லி இருக்கிறது. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருதுவோடு சேர்த்து, போற்றி மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக. ஆட்சிமொழிகள் 12இல் அது இல்லை. அந்தக் கடமையும் மொழி வாரியத்தின் மேல்தான் இருக்கிறது, நாடாளுமன்றக் குழுவின் மேல் இல்லை. ஆகவே ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ அனுப்புங்கள். தாத்தா பாட்டியின் சாட்சியம் தமிழில்தான் என்றால் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து இணையுங்கள்.

மொழி சின்ன விஷயம் இல்லை. கிழக்குக் கேப்பின் வைல்ட் கோஸ்ட் கடலில் ஷெல் எண்ணெய் நிறுவனம் செய்யவிருந்த நில அதிர்வு ஆய்வை 2022 செப்டம்பரில் மக்காண்டா உயர்நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. கலந்தாலோசனை சரியில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. கோசா பேசும் கரையோர மக்களுக்கு ஆங்கில, ஆஃப்ரிகான்ஸ் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுத்திருந்தார்கள்.

ஐசிபிங்கோ வாசகர்: வாட்ஸ்அப் கையெழுத்து செல்லுமா?

மேலே ஃபீனிக்ஸ் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வெருலம் கோயில் நிர்வாகி: எங்கள் கோயில் வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு. சூரிய மின்சாரச் சட்டத்துக்கு ஆதரவாகக் கடிதம் கொடுத்தால் வரிவிலக்கு போய்விடுமா?

போகாது. வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுப்பது அரசியல் கட்சிக்கு ஆதரவாகவோ எதிராகவோ அமைப்பின் வளத்தைப் பயன்படுத்துவதை. சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது அதில் வராது. ஆனால் நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, கூட்டக் குறிப்பில் ஏற்றி, கையெழுத்திடுபவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கட்சிக்காரர் யாராவது தன் கொடியோடு வந்து கோயில் மண்டபத்தில் பேசினால் அப்போதுதான் சிக்கல்.

சாட்ஸ்வர்த் ஐயா: கூரைச் சூரியத் தகட்டிலிருந்து பொது மின்கம்பி வலைக்கு அனுப்பும் மின்சாரத்துக்கு நகராட்சி தரும் விலை மிகக் குறைவு. யாரிடம் கேட்பது?

ஐயா, இரண்டு கதவுகள். நகராட்சி நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவுக்குள், வரைவு பட்ஜெட் வைக்கப்பட வேண்டும். கட்டண அட்டவணை அதோடு வரும். மக்களின் கருத்தை மன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று நகராட்சி நிதிச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஏப்ரல்தான் உங்கள் மாதம். ஜூலையில் பில் வந்தபிறகு கோபப்படுவதில் பயன் இல்லை. அட்டவணையில் அந்தக் கட்டணத்தின் பெயர், பக்கம், இப்போதைய சென்ட், நீங்கள் கேட்கும் சென்ட், கணக்கு ஆகிய ஐந்தும் கடிதத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது கதவு நெர்சா. நகராட்சிக் கட்டணத்தையும் அது ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்துமூலக் கருத்தும் வாங்கும், பொது விசாரணையும் நடத்தும். 2025/26க்கு அரசு மின் நிறுவனமான எஸ்காம் கேட்டது 36.15 சதவீத உயர்வு, 2025 ஜனவரியில் நெர்சா அனுமதித்தது 12.74. அங்கே எடுபடுவது கணக்கு. கண்ணீருக்கு அங்கே கட்டம் இல்லை.

நியூகாசில் வாசகர்: நிலக்கரி மூடினால் எங்கள் பிள்ளைகள் வேலை?

பயம் உண்மையானது. 2022 அக்டோபரில் கொமாட்டி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டபோது அந்த ஊருக்கு மாற்று வேலைகள் தயாராக இல்லை. இதையும் கோரிக்கையாக எழுதுங்கள்: மூடும் தேதிக்கு முன்னால் பயிற்சி, நிதி, பொறுப்பான அமைப்பின் பெயர், காலக்கெடு. 'நியாயமான மாற்றம்' என்ற சொல் காலநிலைச் சட்டத்தில் இருக்கிறது, அதற்குத் தேதி போட வைப்பது நம் வேலை.

மூன்று பேர் கேட்டது: கடைசி நாளில் அனுப்பலாமா? எந்த வடிவத்துக்கு எழுதுவது? வாட்ஸ்அப் கையெழுத்து?

அனுப்பலாம், ஆனால் அஞ்சல்பெட்டி நிரம்பித் திரும்பி வந்தால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். மற்ற இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது.

மெரபாங்க் வாசகி: மாகாண விசாரணையில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் என்ன சொல்ல வேண்டும்?

முதல் வாக்கியத்திலேயே பிரிவு எண்ணும் நீங்கள் கேட்கும் சொல் மாற்றமும். அடுத்த ஒன்றரை நிமிடம் உங்கள் தெருவில் நடந்த ஒன்றைத் தேதியோடு. மீதி நேரத்தில் மாற்று வாசகத்தை மெதுவாக இரண்டு முறை படியுங்கள், குறிப்பெடுப்பவர் எழுதிமுடிக்க வேண்டும். எழுதிய தாளின் நகலை அமரும் முன் குழுச் செயலரிடம் கொடுத்துவிடுங்கள். தாளின் மேல் மசோதா எண்ணும் வடிவத்தின் எழுத்தும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.